‘கேமரா ஓகே’

அந்தச் சீட்டின் கார்பன் நகல் இன்னும் எங்கள் பில் புத்தகத்தில் இருக்கிறது. "ரிவர்ஸ் கேமரா செக் செய்தது. ஓகே. ரூ.150." கீழே என் கையெழுத்து. தேதி 21.11.2023. அசல் ஒரு பள்ளிக்கூடத்து ஃபைலில் இருக்கிறது. அதைக் காட்டித்தான் ஒரு மனிதரை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடி போகிற சாலையில், ஒரு வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை எங்களுடையது. எங்களுடையது என்றால் என் தாய்மாமாவுடையது. ஒயரிங், செல்ஃப் மோட்டார், டைனமோ, ஹாரன், இப்போது கொஞ்ச வருஷமாக செட், கேமரா. மாமா நாற்பது வருஷமாக இதே வேலை. நான் பாலிடெக்னிக்கில் ஈ.சி.இ. முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார்களுக்கு டிஸ்பிளே செய்கிற ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் மூன்று வருஷம் ஷிப்ட் பார்த்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் வந்து சேர்ந்தவன். வரும்போது ஒரு நல்ல டிஜிட்டல் மீட்டர் வாங்கிக்கொண்டு வந்தேன். கூடவே கொஞ்சம் திமிரும் வந்திருந்தது. மாமா கையில் எப்போதும் இருக்கிற டெஸ்ட் லேம்ப், ஒரு பல்பு, இரண்டு ஒயர், நுனியில் ஒரு கோணி ஊசி, அவ்வளவுதான் அந்தக் கருவி. அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த டிரைவர் அண்ணன் நவம்பரில் வேனை எடுத்துக்கொண்டு வந்தபோது மாமா ஊரில் இல்லை. சர்க்கரைக்கு மருந்து வாங்க தஞ்சாவூர் போயிருந்தார். வேன் ஒரு தனியார் பள்ளியுடையது. காலையில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் கடலோரக் கிராமங்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேற்கே வரும். அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். லாரி, டவுன் பஸ் எல்லாம் ஓட்டி, கடைசியில் பள்ளி வேனுக்கு வந்தவர். பேச்சு குறைவு.

"படம் நிக்குது தம்பி" என்றார்.

"நிக்குதுன்னா? வரமாட்டேங்குதா?"

"வருது. நிக்குது. அப்புறம் நீலமா ஆயிருது. அப்புறம் வருது."

"எப்பவுமா?"

"இல்ல. காலையில. எல்லா நாளும் இல்ல."

வண்டி வேலை செய்கிற எவருக்கும் இந்த வகைப் புகாரைக் கேட்டால் மனசு சோர்ந்துவிடும். எப்போதும் வராத படத்தைச் சரிசெய்துவிடலாம். சில நாள், சில நேரம், காலையில் மட்டும் என்றால், அது நம் முன்னால் வந்து நிற்கவே நிற்காது. நான் வேனைத் தரையில் நிறுத்தி, பின் டயருக்குக் கல் வைத்து, சாவியைப் போட்டு, கியரை ரிவர்ஸில் தள்ளினேன். மானிட்டரில் எங்கள் வேப்பமரம் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் போய் கேமராவின் கப்ளரைக் கழற்றி மீட்டரை வைத்தேன். 11.4 வோல்ட். பேட்டரியில் 12.5 இருந்தது. ஒரு வோல்ட் எங்கேயோ போகிறதே என்று ஒரு விநாடி தோன்றியதைச் சொல்லத்தான் வேண்டும். ஒயர் நீளம், பழைய வண்டி என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். கப்ளரை ஆட்டிப் பார்த்தேன், ஒயரை இழுத்துப் பார்த்தேன். பத்து நிமிஷம் படம் அசையாமல் நின்றது, அதாவது ஒழுங்காக வந்தது.

"ஒண்ணும் இல்லண்ணே. நல்லா வருது."

"இப்ப வருது" என்றார்.

பள்ளியில் கணக்குக் கேட்பார்கள் என்று சீட்டு கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 14ஆம் தேதி காலை, கடலோரத்தில் ஒரு முட்டுச்சந்தில் வேனைத் திருப்புவதற்காகப் பின்னால் எடுத்திருக்கிறார். உதவியாளர் அம்மா உள்ளே சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டிருந்தார். யாரோ மறந்துவிட்ட சாப்பாட்டுப் பையைக் கொடுக்க ஒரு நாலு வயசுப் பிள்ளை பின்பக்கமாக ஓடி வந்திருக்கிறது. திண்ணையில் இருந்த ஒரு பாட்டி போட்ட சத்தத்தில் அண்ணன் நிறுத்திவிட்டார். பம்பர் தட்டி பிள்ளை உட்கார்ந்த மாதிரி விழுந்தது. முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. சாப்பாட்டுப் பை டயருக்கு அடியில் கிடந்தது.

கூட்டம் கூடிவிட்டது. போன் பார்த்துக்கொண்டு ஓட்டினார் என்றார்கள். கண் தெரியவில்லை என்றார்கள். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "படத்துல புள்ள இல்ல. தரைதான் தெரிஞ்சது." பள்ளி அலுவலகத்திலும் அதையே சொல்லியிருக்கிறார். அவர்கள் ஃபைலைத் திறந்து என் சீட்டை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கிப் பட்டறைக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, "நீ எழுதிக் குடுத்தது சரிதான் தம்பி. நீ பாத்தப்ப வந்துச்சு. ஆனா நான் பாத்தப்ப நின்னுச்சு. அத மட்டும் யாராச்சும் பாத்துச் சொன்னா போதும்" என்றார். டீ வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

பள்ளி வேனில் கேமரா ஏன் வந்தது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று 2012இல் தனியாகச் சிறப்பு விதிகள் வந்தன. அந்த வருஷம் சென்னைக்குப் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு வந்தவை அவை. 2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஏழு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அந்த ஆண்டே விதிகளைத் திருத்தி முன்னும் பின்னும் கேமரா, பின்பக்கம் சென்சார் என்று சேர்த்தார்கள். எங்கள் பட்டறையில் அந்த சீசனில் கேமரா மாட்டியே கை ஓய்ந்தது. மே மாதம் பள்ளி வாகனங்களை ஒரே மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஆய்வு நடக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போடச் சொல்வார். படம் தெரிந்தால் டிக். அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அதைத்தானே செய்தேன்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு சாவுதான் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2002இல் ஒரு டாக்டர் தன் வீட்டு வாசலில் காரைப் பின்னால் எடுத்தபோது அவருடைய இரண்டு வயது மகன் கேமரன் குல்பிரான்சன் அதில் சிக்கி இறந்தான். அவன் பெயரிலேயே ஒரு சட்டம் வந்து, இழுபறிக்குப் பிறகு 2018 மே முதல் அங்கே விற்கிற எல்லாப் புதிய கார்களிலும் பின்பக்கக் கேமரா கட்டாயமானது. ரிவர்ஸ் போட்ட 2 விநாடிக்குள் படம் வந்துவிட வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்தபோது அந்த இரண்டு விநாடியை நான் நூறு தடவைக்கு மேல் அளந்திருப்பேன்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது நினைவுக்கு வந்ததும் அந்தச் சோதனை மேசைதான். கார் எலக்ட்ரானிக்ஸ் எதுவானாலும் கரண்டைக் கெடுத்துக் கெடுத்துப் பார்ப்பார்கள். ஐ.எஸ்.ஓ. 16750-2 என்று ஒரு தரநிலை. அதில் ஒரு சோதனை: 12 வோல்ட்டில் ஓடுகிற டிஸ்பிளேக்கு வருகிற மின்னழுத்தத்தை 4.5 வோல்ட்டுக்கு இறக்கி, 100 மில்லி செகண்டில் திரும்ப ஏற்ற வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது எப்படி விழுந்து எழும் என்பதற்குத் தனியாக ஒரு வளைவு. ஒவ்வொன்றிலும் டிஸ்பிளே என்ன செய்தது என்று ஏ, பி, சி என எழுத்து போட வேண்டும். கொஞ்சமும் அசராமல் நின்றால் ஏ. கொஞ்சம் தடுமாறி, ஆனால் வேலையை விடாமல் இருந்தால் பி. செத்துத் தானாகவே பிழைத்துக்கொண்டால் சி. அணைத்துப் போட்டால்தான் வரும் என்றால் டி. பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்றால் இ.

சி என்று எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. தானாக வந்துவிடுகிறதே, அப்புறம் என்ன? எங்களுடைய பிரிவுத் தலைவர் ஒருமுறை சொன்னார், படம் போய்விட்டால் பரவாயில்லை, டிரைவருக்குத் தெரியும். படம் உறைந்து நின்றால்தான் ஆபத்து, அவருக்குத் தெரியாது என்று. வேகமானியின் முள், பின்பக்கப் படம், எதுவானாலும் ஓடிக்கொண்டிருக்கிறதா, நின்றுபோன பழைய பிரேமா என்று கண்டுபிடிக்கத் தனியாகக் கணக்கு வைப்பார்கள். நல்ல கம்பெனி டிஸ்பிளேக்களில். ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி மாட்டுகிற மானிட்டரில் யார் வைப்பார்கள்?

'படம் நிக்குது' என்று அவர் சொன்னது அதைத்தான். வார்த்தைக்கு வார்த்தை சரியாகச் சொல்லியிருக்கிறார். நான்தான் நின்றுபோகிறது என்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் மாமாவிடம் முழுவதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "வண்டிய வரச் சொல்லு" என்றார். பள்ளியில் வேனைத் தருவார்களா? மாமாவுக்கு அந்தப் பள்ளி மேலாளரைப் பழக்கம். சனி, ஞாயிறு இரண்டு நாள் சும்மா நிற்கிற வண்டிதானே என்று பேசி வாங்கினார்.

அந்த இரண்டு நாளில் முதல் நாள் வீணாகப் போனது, என்னால். சின்ன மின்பள்ளத்தை மீட்டரில் பிடிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். சாதாரண டிஜிட்டல் மீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணைப் புதுப்பிக்கும். அதுவும் ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரத்துச் சராசரி. கண் சிமிட்டுவதற்குள் விழுந்து எழுகிற ஒன்று அந்தச் சராசரிக்குள் கரைந்து போகும். எனவே பெட்டி ஒன்று செய்தேன். எல்.எம். 393 என்கிற சின்ன ஐ.சி., குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே போனால் தட்டிவிடுவதற்கு. சி.டி. 4011, தட்டியதை மறக்காமல் வைத்துக்கொள்வதற்கு. மூன்று சிவப்பு எல்.இ.டி. 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் முதல் விளக்கு, 8க்குக் கீழே இரண்டாவது, 6க்குக் கீழே மூன்றாவது. ஒருமுறை எரிந்தால் நாம் பட்டனை அழுத்தும்வரை எரிந்துகொண்டே இருக்கும். பள்ளம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சாட்சி நிற்கும். எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை, ஒரு பழைய டப்பாவுக்குள் அடைத்தது.

அதைக் கேமராவுக்குப் போகிற அதே ஒயரில் மாட்டி, பெட்டிக்கு வேண்டிய கரண்டையும் அதே ஒயரிலிருந்து எடுத்தேன். சனிக்கிழமை விடிகாலை, பனி இறங்கிக்கொண்டிருக்கும்போது, வேனை ஒரு மணி நேரம் முன்னும் பின்னுமாக ஓட்டினோம். படம் நின்றது. மாமாவே பார்த்தார். நீலமானது, திரும்ப வந்தது. போய்ப் பெட்டியைப் பார்த்தால் ஒரு விளக்குகூட எரியவில்லை.

எனக்கு வெறுத்துப் போய்விட்டது. கரண்டில் ஒன்றுமில்லை, கேமராதான் கோளாறு என்று முடிவுகட்டி, புதுக் கேமரா மாட்டிவிடலாம் என்றேன். மாமா டீ குடித்துக்கொண்டே, "உன் பொட்டிக்கு யாரு சோறு போடுறா?" என்று கேட்டார்.

அதேதான். பள்ளம் விழும்போது பெட்டியும் சேர்ந்துதான் விழுந்தது. மயக்கம் போட்டவனிடம் நீ எப்போது மயக்கம் போட்டாய் என்று கேட்கிற கதை. மூன்று வருஷம் சோதனை மேசையில் உட்கார்ந்தவன் செய்கிற தப்பா இது? கடைக்குப் போய் ஒரு 9 வோல்ட் பேட்டரி வாங்கிவந்து பெட்டிக்குத் தனிச் சாப்பாடு போட்டேன். எர்த்தை மட்டும் கேமராவின் எர்த்தோடு சேர்த்தேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு இரண்டாவது விளக்குவரை எரிந்தது. மூன்றாவது எரியவில்லை. அப்படியென்றால் 8க்கும் 6க்கும் நடுவில் எங்கேயோ இறங்கி ஏறியிருக்கிறது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, டைனமோ 13.5 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே.

எப்போது இறங்குகிறது? இதற்குப் பெட்டி பதில் சொல்லாது. போனில் ஸ்லோமோஷன் வைத்தேன். விநாடிக்கு 240 பிரேம். மானிட்டரும் பெட்டியும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி ஒயரை நீட்டி, டேஷ்போர்டில் வைத்து, போனை சீட்டில் கட்டிவைத்தேன். மாமா பின்னால் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் ரிவர்ஸ் போட்டேன். ஒன்றுமில்லை. வண்டி மெதுவாக நகர்ந்தது. மாமா மேல் ஏறிவிடக்கூடாதே என்று பிரேக்கை மிதித்தேன்.

விளக்கு எரிந்தது.

நவம்பரில் நான் பிரேக்கை மிதிக்கவில்லை. டயருக்குக் கல் வைத்திருந்தேனே, எதற்கு மிதிக்க வேண்டும்? முட்டுச்சந்தில் பிள்ளைகள் இருக்கிற வண்டியைப் பின்னால் எடுக்கிறவர் மிதித்து மிதித்துத்தான் எடுப்பார். அவர் எவ்வளவு கவனமாக ஓட்டினாரோ அவ்வளவுக்குப் படம் நின்றிருக்கிறது.

காரணம் இதுதான். கேமராவுக்கு பாசிட்டிவ் ரிவர்ஸ் லைட் ஒயரிலிருந்தும், எர்த் பின்விளக்குக் கூட்டின் எர்த்திலிருந்தும் எடுத்திருந்தார்கள். நிறையப் பேர் அப்படித்தான் மாட்டுகிறார்கள், நானே மாட்டியிருக்கிறேன், வேலை சுலபம். பிரேக் லைட் பல்புகளும் அதே எர்த்தில்தான் இருக்கின்றன. 21 வாட் பல்பு எரியும்போது கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் எடுக்கும். ஆனால் அதன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை பத்தில் ஒரு பங்குதான். மிதித்த அந்தக் கணத்தில், இழை சூடாகிற வரைக்கும் சில பத்து மில்லி செகண்ட், பல மடங்கு கரண்ட் பாயும். நல்ல எர்த்தாக இருந்தால் ஒன்றும் ஆகாது. இந்த வண்டியின் எர்த் போல்ட் கடல்காற்றில் பச்சை பூத்திருந்தது. பகலில் காய்ந்திருந்தால் சுமாராகப் பிடித்துக்கொள்ளும், பனியில் நனைந்த காலையில் விட்டுவிடும். தடை 0.3 ஓம் இருக்கும் என்று பிற்பாடு கணக்குப் போட்டேன். மீட்டரில் ஓம் வைத்து அளந்தால் இது தெரியவே தெரியாது, மீட்டரின் ஒயர்களுக்கே அந்த அளவு தடை உண்டு. ஆனால் 20 ஆம்பியர் அதன் வழியாகப் பாயும்போது 6 வோல்ட்டை அது சாப்பிட்டுவிடும்.

பாலிடெக்னிக்கில் எனக்குப் பாடம் எடுத்த சார் ஒருவர் லேபிலிருந்து ஆசிலோஸ்கோப் தந்து உதவினார். பள்ளம் அதில் அழகாகத் தெரிந்தது. அடி 6.8 வோல்ட், அகலம் 20 மில்லி செகண்ட் போல. கேமராவைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தால், ஏழரைக்குக் கீழே இறங்கினால் ரீசெட் ஆகி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஒன்று உண்டு. நம் ஊர் கேமராக்கள் அனுப்பும் பால் வகை வீடியோவில் விநாடிக்கு 25 பிரேம். ஒரு பிரேமுக்கு 40 மில்லி செகண்ட். 20 மில்லி செகண்ட் என்பது பாதி பிரேம். அந்தப் பாதி பிரேம் மட்டும் போயிருந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் கேமரா செத்துப் பிறந்து, தன்னைத் தயார்செய்து, மானிட்டர் அதன் சிக்னலைத் திரும்பப் பிடிப்பதற்கு ஆன நேரம், ஸ்லோமோஷன் பிரேம்களை எண்ணிப் பார்த்தால் 2.4 விநாடி. அதில் முதல் 0.8 விநாடி மானிட்டர் கடைசியாக வந்த படத்தையே காட்டிக்கொண்டிருந்தது. மீதி நேரம் நீலம். 5 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் போகிற வண்டி 2.4 விநாடியில் 3 மீட்டருக்கு மேல் போய்விடும்.

சரிபார்க்க ஒன்று செய்தோம். பின்னால் யாரும் இல்லாமல் ரிவர்ஸ் போட்டு, நான் பிரேக்கை மிதித்த உடனே மாமா ஓரத்திலிருந்து நடந்து வண்டிக்குப் பின்னால் வர வேண்டும். கண்ணாடியைத் திறந்துவைத்திருந்தேன். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. மானிட்டரில் வேப்பமரமும் வெறும் தரையும் தெரிந்தன. இலை அசையவில்லை. அப்புறம் நீலம். அப்புறம் படத்தின் நடுவில் மாமா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"படத்துல புள்ள இல்ல."

நான் இஞ்சினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். மாமா வந்து கதவைத் தட்டி, "பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன்.

மாமா அன்றைக்குத் தன் டெஸ்ட் லேம்பை எடுத்துவந்து எனக்குப் பாடம் நடத்தாமல் விடவில்லை. விளக்கின் ஒரு ஒயரை பேட்டரி பாசிட்டிவிலும் ஊசியை பின்விளக்கு எர்த்திலும் வைத்து, என்னைப் பிரேக் மிதிக்கச் சொன்னார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது, மிதித்ததும் மங்கியது. "உன் மீட்டரு சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துரும். இது சாப்பிட்டுப் பாக்கும்" என்றார். சொன்னது அறிவியல்படி சரி. டிஜிட்டல் மீட்டர் கரண்டே எடுக்காது, பச்சை பூத்த எர்த்திலும் முழு வோல்ட்டைக் காட்டும். பல்பு எடுக்கும். 2018 நவம்பரில் கஜா அடித்து எங்கள் பக்கத்துத் தென்னையெல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, மாமா லாரி பேட்டரிகளை வரிசையாக வைத்து ஊருக்கே போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு பேட்டரியிலும் முதலில் பல்பைப் போட்டுப் பார்ப்பார். "வோல்ட் இருக்கு, தெம்பு இல்ல" என்று சிலதை ஒதுக்குவார். அப்போது நான் விடுப்பில் வந்திருந்தேன். அதையும் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன்.

சரிசெய்தது பெரிய வேலை இல்லை. எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் வைத்து, தடித்த ஒயரில் சேஸிஸுக்குத் தனி எர்த் கொடுத்து, மேலே கிரீஸ் தடவினோம். கேமராவுக்கு சாவி லைனிலிருந்து ஃபியூஸ் போட்டுத் தனி கரண்ட். அதிலும் ஒரு டையோடு, அதற்குப் பின்னால் 2200 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டர். கேமரா எடுப்பது 100 மில்லி ஆம்பியர். லைனில் பள்ளம் விழுந்தாலும் 50 மில்லி செகண்டுக்கு இந்தக் கெப்பாசிட்டர் தாங்கும், அதற்குள் இரண்டே கால் வோல்ட்தான் குறையும். இதையெல்லாம் கேமரா செய்கிறவனே உள்ளே வைத்திருக்கலாம். இருபது ரூபாய் கூடியிருக்கும்.

திங்கட்கிழமை வேனை ஒப்படைக்கப் போகும்போது, வீடியோ, ஆசிலோஸ்கோப் படம், இரண்டு பக்கத்துக்கு எழுதிய விளக்கம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். மேலாளர் பொறுமையாகப் பார்த்தார். ஸ்லோமோஷனை இரண்டாவது தடவையும் போடச் சொன்னார். அவருக்குப் புரிந்தது, அதில் சந்தேகமில்லை. மற்ற வண்டிகளையும் பார்த்துக் கொடுங்கள் என்று அப்போதே சொன்னார், பார்த்துக் கொடுத்தோம். ஆறு வண்டியில் இரண்டில் இதே கதை, ஆனால் இவ்வளவு மோசம் இல்லை.

"டிரைவர் அண்ணன்?" என்று கேட்டேன்.

"தம்பி, நீங்க சொல்றது டெக்னிக்கல். பேரண்ட்ஸ்கிட்ட நான் என்னன்னு சொல்றது? இருபது மில்லி செகண்டுன்னா?"

இதற்கு நான் பதில் தயார்செய்துகொண்டு போயிருக்கவில்லை. எழுதிய தாளை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். என்னுடைய மஞ்சள் சீட்டுக்கு மேலே அது இப்போது இருக்கும்.

அந்தத் தாளின் இன்னொரு பிரதியை அண்ணன் வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து முழுவதும் படித்தார், உதட்டை அசைத்து அசைத்து. 'உறைந்த படம்' என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, "நான் நிக்குதுன்னுதான சொன்னேன்" என்றார். ஆமாம் என்றேன். அவர் மனைவி உள்ளிருந்து வந்து, என்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்ல. நான் சொன்னது நெசந்தான்னு எழுதிக் கொண்டாந்திருக்காரு" என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நன்றி எதுவும் இல்லை, இருக்க வேண்டிய காரணமும் இல்லை. அந்தத் தாளை மடித்து லைசென்ஸ் கவருக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது கோட்டைப்பட்டினத்திலிருந்து ஐஸ் போட்ட மீன் ஏற்றுகிற வண்டி ஓட்டுகிறார். சம்பளம் கொஞ்சம் கூடத்தான், ஆனால் ராத்திரி வேலை. போன மாதம் பின்விளக்கு எரியவில்லை என்று பட்டறைக்கு வந்தார். மீன் வண்டியின் எர்த்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, தொட்டதும் உதிர்ந்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது மேசையில் கிடந்த டப்பாவைப் பார்த்து, இதுதானா அது என்று கேட்டார். பட்டனை அழுத்திக் காட்டினேன். மூன்று விளக்கும் எரிந்து அணைந்தன.

"எம்புட்டு ஆச்சு இதுக்கு?"

"முந்நூறு ரூபாகூட ஆகலண்ணே."

"அம்புட்டுத்தானா" என்றார்.

பில் எழுதும்போது ‘எர்த் மாற்றியது, பிரேக் மிதித்துப் பார்த்தது’ என்று எழுதினேன். இருநூறு கொடுத்தார். நான் அதில் நூற்றைம்பதைத் திருப்பி நீட்டினேன். எதற்கு என்றார். நவம்பரில் வாங்கியது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது ஸ்கூல் காசு தம்பி. அவுங்ககிட்டக் குடு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.